ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

சிங்காநல்லூரில் வீட்டிலிருந்தே வெளிநாட்டவர்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கிறேன். பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஓர் இங்கிலாந்து நிலக்கிழார் குடும்பத்தில், மூத்த மகன் ஜான் குழந்தையிலேயே இறந்திருந்தான். பிறகு அதே தம்பதிக்கு இன்னொரு ஜான் பிறந்ததாகப் பதிவில் வந்தது.

"செத்த பையன் மறுபடி வர்றானுங்க. தப்பா இருக்கும், அழிச்சுப்போடறேன்" என்றேன் கணவரிடம். அழித்திருந்தால், என்னைத் தேடச் சொன்ன பெரியவரின் வம்சமே அங்கே அறுந்திருக்கும்.

"பொறு கண்ணு. எனக்கு முந்திப் பொறந்து தவறிப்போன அண்ணன் பேரும் செந்தில்தான். அம்மா அதையே எனக்கு வெச்சாங்க."

மறுபடி தேடியதில், இளையவன் வேறு பிள்ளை என்பது உறுதியானது. அன்று மாலை மாமியார் "செந்திலு" என்று கூப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், அழிக்கும் முன் அந்தத் தாயை நினைத்துக்கொள்கிறேன்.