ரிவேர்ஸ் இல்லாத கார்

சாவகச்சேரியில், பழைய வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் அவரைச் சந்தித்தேன். வெல்டிங் பொறி பட்டுப் புருவம் கருகியிருந்தது. எதைத் தொடுமுன்னும் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொள்வார். நோயாளி மனைவியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக, மோட்டார்சைக்கிள் எஞ்சின் வைத்து வீட்டிலேயே கார் செய்துகொண்டிருந்தார். பின்சில்லைச் சுழற்ற வெறும் செயினா, ரிவேர்ஸ் உள்ள ஓட்டோ டிஃபரன்சலா என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், கடைசியில் செயினைக் கேட்டார்.

"ரிவேர்ஸ் இல்லாமல் என்ன கார் அண்ணை?" என்றேன்.

"ஓம் தம்பி. எங்கடை ஒழுங்கை சரியான ஒடுக்கம், உள்ளுக்கை திருப்ப ஏலாது. வீட்டை வாறதெண்டால் பின்பக்கமாத்தான் வரவேணும்."

"பிறகேன் செயின்?"

"போகேக்கைதான் அவ இருப்பா. வரேக்கை நான் தனிய. இறங்கித் தள்ளிக்கொண்டு வருவன்."

கையைத் துடைத்துவிட்டுச் செயினை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் போனால், அவர் தனியக் காரைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டுவிடுவேனோ என்று நான் ஒழுங்கைகளுக்குள் பார்ப்பதில்லை.