காட்மியம் குடித்த கீரை

பயிர் ஆய்வகத்தில் இலை அரைப்பவன் நான். பதவியின் பெயர் ஆய்வக உதவியாளர். உறவினரிடம் சொல்லும்போது மட்டும் அது விஞ்ஞானி என்று உயர்ந்துவிடும். நெற்றி முடிந்து தலை தொடங்கும் இடத்தை முகம் கழுவுகையில் நானே தீர்மானிக்க வேண்டிய வயது. ஆயினும் நம்பிக்கை இழந்தேனல்லேன். காலை வழிபாடு முடிந்ததும் மைத்துனர் தந்த தேங்காயெண்ணெயை உச்சியில் தேய்த்து, முளைத்துவிட்டதாக நான் ஒருவன் மட்டுமே நம்பிய பூனைமயிரைப் போற்றி வளர்த்து வந்தேன்.

எங்கள் ஆய்வாளர் என் தங்கையைவிட இளையவர். பட்டறைக் கழிவுநீரில் வரும் காட்மியம் என்னும் உலோகம் கீரையை என்ன செய்கிறது என்பதே அவர் ஆய்வு. ஒரு வரிசைத் தொட்டிகளுக்கு நல்ல நீர். மறு வரிசைக்குக் காட்மியம் கலந்த நீர். நஞ்சுண்ட செடிகள், பழம்பாடல்களின் தலைவியரைப் போலப் பசலை பூத்து மெலிந்தன. இலையின் உயிரணுக்களைச் சூழ்ந்த மெல்லிய சவ்வில் கொழுப்பு உண்டு. உலோகம் அதைச் சிதைக்கும். ஆகவே நோயுற்ற இலையில் கொழுப்பு குறைய வேண்டும். இலையை வெட்டி அரைத்து, கொழுப்பைப் பிரித்து, அதை அளக்கும் கருவியில் ஏற்றுவது என் பணி.

கருவியோ நேர்மாறாகச் சொன்னது. நோயுற்ற இலையில் கொழுப்பு ஏறியிருந்தது.

“புதுக் கண்டுபிடிப்பு மேடம்!” என்றேன். மனத்துக்குள், பாராட்டு விழா மேடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் அப்போதே நான் அமர்ந்துவிட்டேன்.

அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அடுத்த வாரம் நிபுணர் குழுவின் முன் அவர் பேச வேண்டும். முடிவு பிழையென்று தெரிந்தால் ஆய்வு நிற்கும். அவர் வேலையும் போகும். கருவியின் திரையில் உயர்ந்து நின்ற ஒரு கூம்பைச் சுட்டினார்.

“அண்ணா, இது லாரிக் அமிலம்னு ஒரு கொழுப்பு. கீரையில இவ்வளவு இருக்கவே இருக்காது. தேங்காயெண்ணெயிலதான் கொட்டிக் கிடக்கும்.”

“செடிக்கு யாராவது எண்ணெய் தேய்ச்சிருப்பாங்களோ?” என்று வினவினேன். வினவும்போதே, கையுறை அணிந்த என் கை வழக்கப்படி உச்சிக்குச் சென்றது.

அவர் பார்வையும் உடன் சென்றது.

“நல்ல இலையை வெட்டும்போதும் இப்படித் தடவுவீங்களா?”

இல்லை. நல்ல இலை அகலமானது. அதை வெட்ட யோசனை வேண்டாம். நோயுற்றதோ சுருண்டு சிறுத்து, எங்கே வெட்டுவது என்று திகைக்க வைக்கும். திகைத்தால் நான் தலையைத் தடவுவேன். கையுறை நஞ்சிலிருந்து என்னைக் காப்பதற்கே என்று எண்ணியிருந்தேன். என்னிடமிருந்து இலையைக் காப்பதும் அதன் கடமை என்பது என் மண்டைக்கு எட்டவில்லை, எண்ணெய் மட்டும் எட்டியிருந்தது.

“அப்போ காட்மியமும் உங்க தலைக்குப் போயிருக்கும். அதான் ஒண்ணும் முளைக்கல.” அவர் சிரிக்கவில்லை. “ஃப்ரீசர்ல வெட்டாத இலை ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம். நானே பாத்துக்கறேன். நீங்க கிட்ட வராதீங்க.”

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, இனி எண்ணெயே வேண்டாம் என்றேன்.

“ஊறிப்போனதை என்ன பண்ணுவீங்க? உங்க தலையணை உறையைப் பிழிஞ்சே விளக்கு ஏத்தலாம். அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணைப் போட்டுட்டு, இன்னும் கண்ணாடியில என்ன பார்வை?”

மறுநாள் முடிதிருத்துபவரிடம் முழுவதையும் மழிக்கச் சொன்னேன். அவர் என் தலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “எதைங்க?” என்றார்.

மழித்த தலையும் அதன்மேல் துணித்தொப்பியுமாக ஆய்வக வாசலில் நின்றேன். உள்ளே ஆய்வாளர் ஒரு சுருண்ட இலையோடு தனியே போராடிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“சோப்பு போட்டீங்களா?”

“தோல் உரியற வரைக்கும் மேடம்.”

“சரி, வாங்க. தலை அரிச்சா வெளிய போய் சொறிஞ்சுட்டு, புது கிளவுஸ் மாட்டிட்டு வாங்க.”

திகைப்பு வந்தபோதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். இம்முறை நோயுற்ற இலையின் கொழுப்பு, குறைய வேண்டியபடியே குறைந்திருந்தது. ஒரு செடியின் சீரழிவுக்காக இறைவனுக்கு நன்றி சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். கூம்பு நின்ற இடத்தில், திரையில் ஒரு வழவழப்பான கோடு மட்டும் கிடந்தது.

“யார் தலை மாதிரி இருக்கு, அண்ணா?” என்று ஆய்வாளர் முதன்முறையாகச் சிரித்தார்.

என் கை தானாக உயர்ந்தது. பாதி வழியில் இறக்கிக்கொண்டேன்.