ஆற்றில் மெதுவாகப் போன போர்க்கப்பல்

போன வருடம் கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த நடவுக்கு முன் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தபோது, பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து நானும் என் கணவரும் கொல்கத்தாவுக்குப் போனோம். எங்கள் மகள் கடற்படையில் அதிகாரி. ஹூக்ளி ஆற்றங்கரையில் கட்டி முடித்த புத்தம்புதிய போர்க்கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழுவில் அவளும் இருந்தாள். வழியனுப்ப வரச் சொல்லியிருந்தாள்.

நான் போனது பெரிய விஷயமில்லை, அவர் வந்ததுதான் விஷயம். பெண்பிள்ளை கடற்படைக்குப் போவதா என்று அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர், அவள் பயிற்சி முடித்த விழாவுக்குக்கூட வரவில்லை. போனில் "சாப்பிட்டியா மக்ளே" என்பார், அதோடு சரி. சீருடையில் அவளை நேரில் பார்த்ததே இல்லை. இந்த முறை என்னவோ, "நானும் வாறேன்" என்றார். மனசு மாறுவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் விடுதியிலிருந்து அவளுடன் போனில் பேசினேன்.

"கடல்ல ஓடுற கப்பல ஆத்துல எதுக்குட்டி கட்டுனாங்க?"

"ஆத்துல போக முடியுற அளவுக்குத்தாம்மா இங்க கட்டுவாங்க. இது கரையோரம், ஆழமில்லாத தண்ணியில ஓடுறதுக்கான கப்பல்" என்றாள்.

ஆற்றுக்கு அடியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்குமாம். கடல் ஏறி ஆற்றில் தண்ணீர் நிறைந்தால்தான் கிளம்ப முடியும். அந்த ஆறு தெரிந்த வழிகாட்டி ஒருவர் ஏறி, அவர் சொல்கிறபடிதான் போக வேண்டும். வேகமெடுத்தால் அலையடித்து மீன்பிடிப் படகுகள் கவிழ்ந்துவிடும். "கடல்ல பாய்ஞ்சு போறது, ஆத்துக்குள்ள மாட்டுவண்டிதான்" என்று சிரித்தாள். வளைவுகளில் ஆழம் ஒரு கரையை ஒட்டி இருப்பதால் கப்பலும் கரைப்பக்கம் ஒதுங்கித்தான் போகும் என்றாள். போனை வைப்பதற்குள் "அப்பா வருவாங்கல்லா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பத்து மணிக்கு வந்தால் போதும் என்றிருந்தவள், எட்டு மணிக்கே கூப்பிட்டாள். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, மழையும் வரும்போல இருக்கிறது, அதனால் நேரத்தை முன்னால் வைத்துவிட்டார்கள், உடனே கிளம்புங்கள் என்றாள். நான் மகளுக்காகச் சுட்ட முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கிறேன். இவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ராகு காலம். ஒம்பது கழியட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! "ஆத்துக்கு உண்டுமா ராகு காலம்? தண்ணி எறங்கினா கப்பலு மணல்ல குத்தி நிக்கும். அது உமக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்?"

"புதுக் கப்பலு. முதல்முதலாப் போறா. கெட்ட நேரத்துல நாம எறங்கி, அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்றார்.

அடக்கடவுளே, இத்தனை வருடமும் இந்த மனுஷனுக்கு இருந்தது வீம்பு இல்லை, பயம். அது புரிந்த பிறகு அவரைப் பிடித்து இழுக்க எனக்குக் கை வரவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கப்பல் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. காவலுக்கு நின்றவர் ஆற்றின் கீழ்ப்போக்கைக் கை காட்டினார். இவர் முகம் செத்துப்போனது. "நான் வரல்லன்னுல்லா நெனப்பா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த மாட்டுவண்டி ஞாபகம் வந்தது. எங்களை இறக்கிவிட்ட டாக்ஸி திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்தேன். தெரிந்த அரைகுறை ஹிந்தியில் மகள், கப்பல், ஆறு வளைகிற இடம் என்று கையையும் வளைத்துக் காட்டினேன். டாக்ஸி ஓட்டிய பெரியவர் தலையாட்டினார். சந்துபொந்தெல்லாம் புகுந்து, வளைவில் இருந்த ஒரு படகுத்துறையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தானும் இறங்கி எங்களோடு நின்றார்.

கப்பல் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. முன்னால் பீரங்கி, மேலே கோபுரம்போல என்னென்னவோ. அத்தனை பலத்தையும் வைத்துக்கொண்டு, பக்கத்துச் சின்னப் படகுகள் ஆடாமல், பைய பைய வந்தது. மேல்தளத்தில் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றார்கள். முகம் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்தபோது, தொப்பிக்குக் கீழே என் பிள்ளையைக் கண்டேன்.

"அந்தா நிக்கா!" என்றபடி திரும்பினேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். சுசீந்திரத்தில் தேர் வரும்போது எங்கள் ஆண்கள் அப்படித்தான் நிற்பார்கள். பிறகு, துறையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, "ஏ மக்ளே!" என்று ஒரு சத்தம் போட்டார்.

அவள் திரும்பவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. கடமையில் நிற்கிறாள் அல்லவா? எனக்கு அப்படியொரு பெருமை, பொங்கிப் பொங்கி அழுதேன். முந்திரிக்கொத்தை அந்த டாக்ஸிக்காரர் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா துண்ட இடுப்புல கட்டிட்டு நின்னதப் பாத்தேன். கைய அசைக்கக் கூடாதும்மா. அழாம நின்னதே பெரும்பாடு." இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதை வாசித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது யாராவது பிள்ளை எங்கே என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் "கப்பல்ல ஆப்பீசரு" என்று அவரே முந்திக்கொள்கிறார். கடலில் அவள் எவ்வளவு வேகமாகப் போனாலும் போகட்டும். அன்றைக்கு அந்த ஆறு அவளை மெதுவாக நடத்தி, அவள் அப்பாவிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் கடலுக்கு விட்டது என்று நினைக்கும்போதெல்லாம் என் தலை தானாக நிமிர்கிறது.