பெரிய வீட்டில் முத்துப்பேச்சி

உத்தமபாளையத்துக்குத் தெற்கே, பாழடைந்து கிடந்த எங்கள் ஊர்ப் பெரிய வீட்டைச் சீர்படுத்திச் சமுதாயக் கூடமாக்கினோம். கொத்தனார் நான், சுருளிராஜன். எனக்கு வாய் அதிகம். கோபம் அதைவிட அதிகம்.

என்னிடம் பதினோரு வருஷமாகச் சித்தாள் முத்துப்பேச்சி. புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்தபோது மகள் சிம்ரன் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். கல்லும் மண்ணும் சுமந்தே அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்துவிட்டாள்.

பழைய சுவருக்குச் சிமெண்டு ஆகாது. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலந்து புளிக்க வைத்ததெல்லாம் அவள்தான். நான் அவசரப்பட்டால், "பொறுங்கண்ணே, ரெண்டு நாள் போகட்டும். இப்பப் பூசுனா உதுந்துரும்" என்பாள். "நீ எனக்குப் பாடம் எடுக்குறியா?" என்று கத்துவேன். கத்திவிட்டு ரெண்டு நாள் கழித்துத்தான் பூசுவேன்.

வேலை முடிகிற சமயம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணே, தெறப்பு விழா அன்னைக்கு வீரபாண்டிலருந்து சிம்ரனப் பாக்க வாராக. எங்க ஒத்த ரூம்ல நாலு பேரு உக்கார முடியாது. இங்கன வரச் சொல்லட்டா?"

"ஊருக்குன்னுதான கட்டிருக்கு? தாராளமா உக்காரு. எவன் கேக்குறான்னு பாக்குறேன்!" பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

விழா அன்று, தான் சாந்து குழைத்த சுவரோரம் நீலப் பட்டுக் கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சிம்ரன், எதிரே மாப்பிள்ளை வீட்டார். கூடத்தைத் திறந்துவைக்கும் அதிகாரியின் கார் வந்துவிட்டது என்றார்கள். வாசலெல்லாம் காகிதக் கப். பதற்றத்தில் பழக்க தோஷம், கத்திவிட்டேன். "ஏய் முத்துப்பேச்சி! என்னா மகாராணியாட்டம் உக்காந்திருக்க? வெளக்கமாத்த எடு!"

நான் முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு கூட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சிம்ரன் என்னையே பார்த்தாள். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஓடிப்போய் விளக்குமாற்றைப் பிடித்தேன். "விடுங்கண்ணே, எல்லாரும் பாக்குறாக" என்றாள்.

கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அவர்கள் போய்விட்டார்கள்.  மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன்.

"சம்மதம்னு சொல்லிட்டாகண்ணே" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னைய மன்னிச்சிரு தாயி."

"நீங்க கத்துறது புதுசா? அதக்கூட சிம்ரன் விட்டுட்டா. 'அவரு கூப்புட்டதும் நீ ஏம்மா எந்திரிச்ச?'ன்னு கேக்குறா. அதுக்கு நான் என்னண்ணே பதில் சொல்ல?"