ராணிக்காக நின்றவள்

ராணியின் பட்டுக் கவுனுக்குள் நுழையும்போதெல்லாம் வால்புர்கா வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டாள். அந்த வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை இருந்தது. அது வெளியே யாருக்கும் தெரியாது.

ஹோஹன்ரீட் நாட்டு ராணிக்கு ஓவியருக்காக மணிக்கணக்கில் நிற்கப் பொறுமையில்லை. ஓவியர் அக்லைட்னர் தன் முகத்தை வரையும் நாட்களில் மட்டும் ராணி வந்து அமர்ந்துவிட்டுப் போவார். கழுத்துக்குக் கீழே எல்லாம் வால்புர்காதான். தையல்காரியான அவளுக்கு உயரமும் தோளும் ராணியை அச்சில் வார்த்ததுபோல இருந்தன. அரண்மனையின் உடைக்காரி ஸெல்ஹூபர் அம்மாள் கவுனைப் பெட்டியில் கொண்டுவந்து, உடுத்திவிட்டு, அடுப்போரம் உட்கார்ந்து காவல் காப்பாள்.

"ஏண்டி, மூணு வேளையும் பன்னிக்கறியா திங்கறே? நாடா எட்ட மாட்டேங்குது!"

"குளிருக்குப் பசி ஜாஸ்தியா எடுக்குதும்மா."

"நல்லா எடுக்குது, போ! மூச்சை இழு!"

வால்புர்கா இழுத்தாள். குழந்தையின் அப்பன் கோர்பினியன் சாராய ஆலையில் பீப்பாய் உருட்டுபவன். ஏழைகள் கல்யாணம் செய்ய நகரசபை அனுமதி வேண்டும். 'முதலில் சொந்தமாக ஒரு கூரையைக் காட்டு' என்று இரண்டு முறை அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமாகாத கர்ப்பிணி ராணியின் உடையில் நிற்கிறாள் என்று தெரிந்தால் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள்.

அக்லைட்னரோ கண்ணில் பட்டதை அப்படியே வரைகிற மனிதர். வாரத்துக்கு வாரம் இடுப்பில் மடிப்பு மாறுவதைப் பார்த்தார், ஏனென்று யோசிக்காமல் தூரிகையை ஓட்டினார்.

ஒரு முற்பகல், சொல்லாமல் கொள்ளாமல் ராணி வந்துவிட்டார். கவுனைக் கழற்றக்கூட நேரமில்லை. வால்புர்கா திரைக்குப் பின்னால் பதுங்கினாள். மூச்சு விடுவது வெளியே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராணி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவருக்குக் குழந்தையில்லை. ஞாயிறுதோறும் தேவாலயங்களில் அதற்காகவே ஜெபம் நடந்தது.

"இது யாரு வயிறு?"

அக்லைட்னர் வெளிறிப்போனார். "ம... மகாராணி, வெளிச்சத்தோட கோளாறு..."

"வெளிச்சத்துக்கு வயிறு தள்ளாது. நின்னவளை வரச் சொல்லுங்க."

வால்புர்கா வந்தாள்.

"அடிப்பாவி!" என்று ஸெல்ஹூபர் அம்மாள் தலையில் கைவைத்தாள். ராணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீங்கிய பாதங்களைத்தான் பார்த்தார்.

"உட்காரு."

அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. "அது உங்க நாற்காலி, மகாராணி."

"தெரியும். உட்காரு."

உட்கார்ந்தாள். ராணி குரலைத் தாழ்த்தினார். "அசையுதா?"

"இப்பக்கூட அசையுதுங்க. நான் பயந்தா ரொம்ப உதைக்குது."

ராணியின் கை பாதிவரை நீண்டது. பிறகு அந்தக் கையிலேயே கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "இடுப்பைக் குறைச்சிடுங்க," என்றார் ஓவியரிடம். "இப்படியே மாட்டினீங்கன்னா எனக்குத்தான் குழந்தைன்னு ஊரெல்லாம் மணியடிச்சுடுவாங்க."

மறுநாளே வேறொருத்தியைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். காவலர் வருவார்களென்று வால்புர்கா பல நாள் கதவு தட்டும் ஓசைக்கெல்லாம் நடுங்கினாள். யாரும் வரவில்லை. தண்டனையும் இல்லை, தயவும் இல்லை. கோர்பினியனின் அக்காள் வீட்டில், மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில், பெண் குழந்தை பிறந்தது.

பிள்ளையில்லாத சித்தப்பா ஒருவர் இறந்து, ஓட்டை உடைசலாய் ஒரு குடிசை கோர்பினியனுக்கு வந்தது. அந்தக் கூரையைக் காட்டித்தான் கடைசியில் அனுமதி கிடைத்தது. நகரசபையில் எழுத்தர் முத்திரையைத் தேடி மேசையெல்லாம் துழாவினார். அதற்குள் எவனாவது வந்து 'கூடாது' என்று சொல்லிவிடுவானோ என்று வால்புர்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்திரை விழுந்தது.

"இங்கேயே மேல் மாடியிலதான் ராணியோட அந்தப் படத்தை மாட்டியிருக்காங்களாம்," என்றான் கோர்பினியன். "போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"ஒண்ணும் வேணாம். புள்ளைக்குப் பசிக்குது, கிளம்பு."