ஒரு மரத்தைச் சாம்பார் வைத்த கதை

கடலையே பார்த்திராத முட்டாள் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு மரத்தைச் சாம்பார் வைத்துவிட்டேன்.

இன்று காலை பெருமாநல்லூர்ச் சந்தையில் முருங்கைக்காயைக் கையில் எடுத்ததும் சேவியர் ஞாபகம் வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன் ஒரே பனியன் கம்பெனியில் கட்டிங் மேசைக்கு எதிரெதிரே நின்றவர்கள் நாங்கள். தங்கியதும் ஒரே அறை. அவனுக்கு ஊர், தாமிரபரணி கடலில் கலக்கும் பக்கம். ஊருக்குப் போய்வந்தால் அவன் பையில் கருவாடும் சேறும் கலந்த வாடை அடிக்கும். எனக்குத் தெரிந்த கடல் அந்தப் பைதான்.

ஒருமுறை அதிலிருந்து ஈரத்துணி சுற்றிய பச்சைக் காய் ஒன்று வந்தது. முழ நீளம். வாளித் தண்ணீரில் அதை நிறுத்திவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினான். அன்று சமையல் என் முறை. சாம்பாருக்கு அந்தக் காயை எடுத்தேன். அரிவாள்மணையில் லேசில் அறுபடவில்லை. கடலோர முருங்கை கொஞ்சம் முரடு போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சேவியர் ஒரு வாய் வைத்தான். துவர்ப்பில் முகம் சுருங்கியது. துண்டைத் தட்டில் புரட்டிப் பார்த்தான். பிறகு வாளியைப் பார்த்தான்.

"காய் இல்லவே அது. கண்டல். மரத்துலயே மொளச்சுத் தொங்குத கன்னு."

"முருங்கைன்னுல்லங்க நெனச்சேன்."

அது வந்தது, அவன் அப்பா கழிமுகச் சேற்றில் ஊன்றி வளர்த்த அலையாத்தி மரத்திலிருந்தாம். அவர் போன பிறகு, இறால் பண்ணைக்குக் கரை வெட்டியபோது மரமும் போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒற்றைக் கன்று. கரை வெட்டும் வேலை முடியட்டும், கிறிஸ்துமஸ் லீவில் அப்பா பேரைச் சொல்லி அங்கேயே ஊன்றலாம் என்று வைத்திருந்தான்.

மறுநாள் கட்டிங் மாஸ்டர் கேட்டார்: "ஏனுங்க, இன்னைக்கு என்ன கொழம்பு? வேப்பமரமா, புளியமரமா?" எல்லோரும் சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். சேவியர் குனிந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அந்தக் கம்பெனி இப்போது வெறும் குடோன். நாங்கள் இருந்த லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். அவன் ஊர்க் கழிமுகம் முழுக்கப் பண்ணைக் கரைகள்தான் என்று யாரோ சொன்னார்கள். அதை நான் காதில் சரியாகவே வாங்கவில்லை போலிருக்கிறது. சந்தையில் நின்றபடியே அவனை ஃபோனில் பிடித்தேன்.

"சேவியரு, வனத்துறை நாற்றங்கால்ல கண்டல் கன்னு கெடைக்குதாமுங்க. வாங்கிட்டு வரட்டுங்களா?"

அவன் திருப்பிக் கேட்டான்:

"எங்கவே ஊனுவீரு?"