சூரியன் நகரும் வரை

பெரம்பலூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்தப் பெரிய டிஷ் வந்து உட்கார்ந்த நாள் முதல் அம்மாவுக்கு அதன்மேல் ஆத்திரம். வடகம் காயப்போடும் இடத்தில் நிழலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டானாம் அண்ணன். அவனுக்கோ அதுதான் சோறு. இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் எங்கள் பகுதி வீடுகளுக்கும் கடைத்தெருவுக்கும் அவன்தான் கேபிள்காரன். தெருவில் எந்த வீட்டு டிவியில் படம் ஆடினாலும் அவன் தலைதான் உருளும்.

நான் அப்போது வெகுதூரத்தில் ஓர் ஆய்வு மையத்தில் மூத்த விஞ்ஞானி. சூரியன் எப்போது சீறும், சீறினால் செயற்கைக்கோள்களுக்கு ஆபத்து உண்டா என்று முன்கூட்டிச் சொல்வது வேலை. எச்சரித்துச் சூரியப் புயல் வராவிட்டால், வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்பார்கள். வந்துவிட்டால், இன்னும் முன்னாலேயே சொல்லக் கூடாதா என்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஊருக்கு வந்தால் தூங்குவேன். வேறெதுவும் வேண்டியிருக்காது.

அப்படி ஒரு புரட்டாசியில் வந்திருந்தபோதுதான் அண்ணன் செய்கிற கூத்தைப் பார்த்தேன். புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்கள், உச்சிப்பொழுதில், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். வெயிலுக்கு எதிரே நிற்கிறவர் முகம் நமக்குத் தெரியாதல்லவா, அதுபோல டிஷ்ஷுக்கும் கண் கூசிவிடும். திரையெல்லாம் புள்ளி. சூரியன் சற்று நகர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். இது புயல்கூட இல்லை, வருடா வருடம் வருகிற கணக்கு. அண்ணனுக்கு அது தெரியாது. போன் அடிக்க அடிக்க ஸ்பானரோடு மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்புவான். சூரியன் போய்விடும், திருப்பிய டிஷ்ஷில் சாயங்காலம் வரை படம் வராது. ஊரெல்லாம் கேபிள் தொழில் நடத்தியவர்கள் இப்படித்தான் சரியாக இருந்ததைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லி, அதைத் தொடாமல் உட்கார்ந்திரு என்றேன். மறுநாள் கிரிக்கெட் மேட்ச். சொன்ன நேரத்தில் படம் போனது. அண்ணன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். கடைத்தெருவிலிருந்து ஆட்கள் வந்து கத்தினார்கள். தங்கச்சி சொல்லியிருக்கு, தானா வந்துடும் என்று அவன் சொல்லச் சொல்ல அவர்களுக்கு இன்னும் ஏறியது. பக்கத்துத் துறைமங்கலத்தில் புதிதாகக் கேபிள் ஆரம்பித்திருந்தவனுக்கும் படம் போயிருந்தது. ஆனால் அவன் கொதிக்கிற வெயிலில் மாடியில் நின்று எதையோ முறுக்கிக்கொண்டிருந்தானாம். படம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் திரும்பியது. பருத்தி மண்டிக்காரர் போகிற போக்கில் சொன்னார்: "அவன் வெயில்ல நின்னு சாவுறான். நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க."

அந்த வாரமே கடைத்தெரு முழுக்கத் துறைமங்கலத்தானிடம் போய்விட்டது. ஒரு தெரு போனால் அடுத்த தெருவும் போகும், பிறகு தொழிலை மூட வேண்டியதுதான். அண்ணி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

பங்குனி பிறந்ததும் போன் செய்தான். "நேரத்த மட்டும் சொல்லு பாப்பா, ஏறிடுறேன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சொல்லியும் மறுபடி திருகப்போகிறானே. ஏறி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஏறி நிக்கணும், அவ்ளோதான்."

அப்படித்தான் நின்றான். அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தலையில் ஈரத்துண்டு, கையில் ஸ்பானர். டிஷ்ஷைச் சுற்றிச் சுற்றி வருவானாம், குனிவானாம், நிமிர்வானாம், ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டானாம். எதிர் வீட்டுக்காரி, பாவம் தம்பி, வெயில்ல வேகுது என்று மோர் கொடுத்தனுப்பினாள். கொஞ்ச நாளில் மண்டிக்காரரே கூப்பிட்டுக் கடைக்கு மறுபடி வயரை இழுக்கச் சொன்னார். பின்னாலேயே கடைத்தெருவும் வந்தது. "சும்மா இருக்கறதுக்கே இவ்ளோ வேர்க்குது பாப்பா," என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகு ஒருமுறை சூரியன் நிஜமாகவே சீறியது. எச்சரிக்கை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அணைக்க வேண்டிய கருவிகளை அணைத்துவிட்டார்கள். இனி புயல் கடக்கும் வரை மனிதர்கள் செய்ய ஒன்றுமில்லை. சரியாகத் தூங்கி நாளாகியிருந்தது, நாற்காலியில் சாய்ந்திருந்தேன். டெல்லியிலிருந்து வந்திருந்த அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். இவ்வளவு பெரிய விஷயம், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே என்றார். விளக்கினேன். இருபது வருடம் படித்ததையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். இயக்குநர் தரையைப் பார்த்தார். நிர்வாகத்தில் யாரோ, இந்தப் பிரிவே தேவைதானா என்று கேட்டதாக மதியம் காதில் விழுந்தது.

மறுநாள் காலை முதல் பொழுது சாயும்வரை திரைக்கு முன்னால் நின்றேன். காதில் போன், மறுமுனையில் யாருமில்லை. அதிகாரி வந்தார், பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். பிரிவு பிழைத்தது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான், நானும் சேர்ந்து சிரித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

"கால் வலிக்குதா பாப்பா?" என்றான்.